புளி போட்டுக் கழுவிய ராஜா

சில வருஷங்களுக்கு முன்னால் மதுரையில் ஒரு பழைய பாத்திரக் கடையில் உட்கார்ந்து, எடைக்கு வந்த செம்பு பித்தளைச் சாமான்களுக்கு நடுவே காசு பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து காசு தேறியது. நான்கு ரொம்பத் தேய்ந்துபோனவை. ஐந்தாவதில் பச்சைக் களிம்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவம், பக்கத்தில் கிரந்தமா நாகரியா என்று பிடிபடாத எழுத்து. கடைக்காரர் "ராஜராஜன் காசு சார், வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார். ஐந்துக்கும் சேர்த்து அவர் கேட்டது ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டு விலைதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அத்தை பார்த்தார். "என்னடா இப்படிப் பாசி பிடிச்சுக் கிடக்கு, விளக்கு துலக்குற மாதிரி புளி போட்டுத் தேயி, பளிச்சுனு ஆயிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் தேய்த்தேன். அத்தை சொன்னபடியே காசு பளிச்சென்று ஆனது. புதுச் செம்புக் கம்பி மாதிரி ஒரு சிவப்பு. ஆனால் எழுத்தைக் காணோம்.

காசு சேகரிக்கும் பொழுதுபோக்கைப் பற்றி நான் சொல்லப்போகிற குறைகள் எல்லாமே அந்தப் புளித் தண்ணீரிலிருந்து தொடங்குகின்றன. வேறு யாரையும் விட என்னைத்தான் முதலில் குறை சொல்லிக்கொள்கிறேன்.

எழுத்து ஏன் போச்சு?

பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடக்கும் செம்பு, மேலிருந்து உள்நோக்கி மாறிக்கொண்டே போகும். மேல்பரப்பில் இருந்த உலோகம் முழுக்கக் களிம்பாக மாறிவிடும். அப்படி மாறும்போதும் பழைய வடிவத்தை அந்தக் களிம்பு பெரும்பாலும் அப்படியே தாங்கிக்கொண்டிருக்கும். அதாவது, நாம் காசின் மேலே படிந்த அழுக்கு என்று நினைக்கிறோமே, அதுதான் காசின் மேல்தோல். எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான். புளியில் உள்ள அமிலம் அதைக் கரைத்துவிட்டால், அடியில் இருப்பது சொரசொரப்பான வெறும் செம்பு. விளக்கைத் துலக்கினால் பளபளக்கும், ஏன் என்றால் விளக்கில் அரித்தது மெல்லிய மேல்பூச்சுதான். ஆயிரம் வருஷத்துக் காசுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

சரி, ஒரு செம்புக் காசுதானே, ராஜராஜன் காசு சந்தையில் நிறையக் கிடைக்கிறதே, ஒன்று போனால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் சமாதானப்பட்டேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் வயிறு கலங்கியது.

ஒரு பக்கம் நிற்பவர், மறுபக்கம் அமர்ந்தவர் என்ற இந்த அமைப்பு ராஜராஜனுக்கு மட்டும் உரியதல்ல. அவனுக்கு முன்பே இலங்கையில் இதே அமைப்பில் பொற்காசுகள் இருந்தன. சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்ற சொல்லே வருகிறது. இலங்கைக் காசைப் பார்த்துத்தான் சோழர்கள் அடித்தார்கள் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. ராஜராஜன் பேரில் செம்பில் ஏராளமாக அடிக்கப்பட்டது. 1070 வாக்கில் விஜயபாகு சோழர்களை இலங்கையிலிருந்து விரட்டினான். ஆனால் சோழர் காசின் அமைப்பை அவன் விரட்டவில்லை! அதே நிற்பவர், அதே அமர்ந்தவர், பேர் மட்டும் மாறியது. விஜயபாகு, பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், ராணி லீலாவதி என்று பொலன்னறுவை அரசர்கள் தொடர்ந்து அதே மாதிரியில் அடித்தார்கள். இந்தக் காசுகளில் யாருடையது எது என்று பிரிக்க உதவுவது முக்கியமாக அந்த நாகரி எழுத்துதான்.

இப்போது மதுரைக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் வாரிசுச் சண்டை வந்தபோது, பராக்கிரமபாகு தன் தளபதி லங்காபுரனைப் படையோடு அனுப்பினான். அந்தத் தளபதி பாண்டிய நாட்டில் பராக்கிரமபாகுவின் பேர் பொறித்த காசைப் புழக்கத்தில் விட்டான் என்று இலங்கையின் சூளவம்சம் சொல்கிறது. இது ஜெயித்த பக்கம் எழுதிய கதை. அரசனைப் புகழ்வதற்காகச் சேர்த்ததாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். இதைச் சோதிக்க எளிய வழி என்ன? மதுரை, ராமநாதபுரம் பக்கத்து மண்ணில் கிடைக்கும் இந்த வகைக் காசுகளில் எத்தனையில் ராஜராஜன் பேர் இருக்கிறது, எத்தனையில் பராக்கிரமபாகு பேர் இருக்கிறது, எந்தெந்த ஊரில் கிடைத்தன என்று எண்ணிப் பார்ப்பது. ஒரே ஒரு காசு எதையும் நிரூபிக்காதுதான். ஆனால் இந்தக் கணக்கே ஒவ்வொரு காசாகத்தான் சேர வேண்டும்.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. கடைக்காரர் ராஜராஜன் என்றார். அவர் எல்லாவற்றையும் ராஜராஜன் என்றுதான் சொல்வார். அதில் எழுதியிருந்த பேர் எது? எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று அன்றைக்கே கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். பழைய பாத்திரம் கொண்டுவந்து போட்ட ஆள் யார் என்பது அவருக்கு அந்த வாரம் ஞாபகம் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. காசுக்கு இருந்த இரண்டு வாயையும் நானே அடைத்துவிட்டேன்.

காசு எங்கே கிடந்தது என்பதும் காசுதான்

காசு சேகரிப்பவர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "வரலாற்றையே கையில் பிடிச்சிருக்கோம்." நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நம்புவதில்லை. கையில் இருப்பது வரலாற்றில் பாதி. மீதிப் பாதி, அது எந்த இடத்தில், எதோடு சேர்ந்து, எத்தனையாவதாகக் கிடந்தது என்பது.

1898ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் ஒரு பானை கிடைத்தது. உள்ளே ரோமானியத் தங்கக் காசுகள், மொத்தம் 501. அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரையிலான காசுகள். நல்லவேளையாக அது பிரிந்து போவதற்கு முன்பே பட்டியலானது. லண்டனில் ஜி. எஃப். ஹில் அதைப் பற்றி எழுதினார். அந்தப் பட்டியலில்தான் விசித்திரமான ஒரு விஷயம் தெரிந்தது. காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே வேண்டுமென்றே ஒரு வெட்டு. உளியாலோ அரத்தாலோ போட்டது.

ஏன் வெட்டினார்கள்? உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று சோதித்தார்களா? இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று அடையாளம் போட்டார்களா? இதில் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. என்னைக் கேட்டால், சோதிப்பதற்கு விளிம்பில் ஒரு கீறல் போதும், தலையைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. செல்லாதது ஆக்கும் வேலையாகத்தான் தெரிகிறது. அப்படியானால், ரோமானியக் காசை இங்கே ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரோ ஒருவரிடம் இருந்திருக்கிறது என்று ஆகும். தமிழக வணிக வரலாற்றில் இது சின்னச் செய்தியா?

இந்தச் செய்தி எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். 501 காசும் ஒன்றாக இருந்ததால் கிடைத்தது. இதே பானை ஒரு வியாபாரி கையில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெட்டு இல்லாத கொஞ்சக் காசு "மிக நல்ல நிலை" என்று தனித்தனியாகச் சேகரிப்பாளர்களிடம் போயிருக்கும். வெட்டுப்பட்டவை "சேதமானவை" என்று ஆசாரியின் உலைக்குப் போயிருக்கும். நமக்கு மிஞ்சியிருப்பது அழகான சில தங்கக் காசுகள் மட்டுமே. 1847ல் கண்ணூர்ப் பக்கம் கோட்டயத்தில் கிடைத்த பெரிய ரோமானியத் தங்கப் புதையலுக்குக் கிட்டத்தட்ட இந்த கதிதான். யாரும் ஒழுங்காக எண்ணுவதற்குள் கைமாறிப் போய்விட்டது.

சேகரிப்பாளர் அழகைத் தேடுகிறார். வரலாற்றுக்கோ வெட்டுப்பட்டதும் வேண்டும், தேய்ந்ததும் வேண்டும், போலியும் வேண்டும். சந்தை எதைக் கழித்துக்கட்டுகிறதோ அதில்தான் பல சமயம் விஷயம் இருக்கிறது.

"ஆத்துல கிடைச்சது சார்"

என்னிடம் டைபீரியஸ் சக்கரவர்த்தியின் ஒரு வெள்ளி டெனாரியஸ் இருக்கிறது. முன்பக்கம் அவர் தலை, பின்பக்கம் அமர்ந்த ஒரு பெண். பிரான்சில் இன்று லியோன் என்று வழங்கும் ஊரில் அடித்தது. இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இந்த ரகமும், அகஸ்டஸ் தன் பேரப்பிள்ளைகள் இருவரையும் போட்டு அடித்த ரகமும்தான் மிக அதிகம். இதற்கு ஒரு நல்ல விளக்கமும் உண்டு. கி.பி. 64ல் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்தான். அதுவரை ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் ஏறத்தாழ 84 காசு, அதற்குப் பிறகு 96. வெள்ளியின் சுத்தமும் குறைந்தது. எடை பார்த்து வாங்குகிற நம் வியாபாரிகள் பழைய கனமான காசையே விரும்பிக் கேட்டிருப்பார்கள் என்பது அந்த விளக்கம். இந்தியாவுக்கு மட்டும் வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி புலம்பியதும் இதே நூற்றாண்டில்தான்.

என் காசை விற்றவர், "கரூர் சார், அமராவதி ஆத்துல கிடைச்சது" என்றார். கரூர் என்றதும் என் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. சேரர் தலைநகர், ரோமானிய வணிகம், ஆற்று மணல்! ஆனால் டைபீரியஸின் இந்தக் காசு ஸ்பெயினிலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் மலிவாகக் கிடைக்கிற ஒன்று. பைபிளில் இயேசு காட்டச் சொன்ன வரிக்காசு இதுதான் என்ற நம்பிக்கையால் உலகம் முழுக்க விற்பனையாகிறது. என்னிடம் இருப்பது அமராவதி ஆற்றில் கிடைத்ததா, போன வருஷம் கூரியரில் வந்ததா? காசைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. 'கரூர்' என்ற சொல்லுக்கு நான் கொடுத்த கூடுதல் பணம் காசுக்குக் கொடுத்தது அல்ல, ஒரு கதைக்குக் கொடுத்தது.

வெளிநாட்டு ஏலப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். எடை நூறில் ஒரு பங்கு கிராம் வரை துல்லியமாக இருக்கும். விட்டம் இருக்கும். எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது எண் என்று இருக்கும். களிம்பின் நிறத்தைப் பற்றி ஒரு கவிதையே இருக்கும். எங்கே கிடைத்தது என்ற இடத்தில் "ஒரு பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து" என்று ஒரு வரி. அவ்வளவுதான். இந்த வரி எதையும் சொல்வதில்லை. கேட்காதே என்று மட்டும் சொல்கிறது.

அந்த வரி எவ்வளவு பொய்யாக இருக்க முடியும் என்பதற்குப் பெரிய உதாரணம் புரூட்டஸின் தங்கக் காசு. சீசரைக் கொன்ற நாளைப் பெருமையோடு குறித்து, இரண்டு குத்துவாளும் நடுவில் விடுதலைத் தொப்பியும் போட்டு புரூட்டஸ் அடித்த காசு. தங்கத்தில் இரண்டு மூன்றுதான் தெரிய வந்திருக்கின்றன. 2020ல் லண்டனில் ஒன்று 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. பழைய சேகரிப்பு என்ற வரலாறும் அதோடு வந்தது. அந்த வரலாறு போலி என்று பின்னால் வெளிவந்தது. 2023ல் அமெரிக்க அதிகாரிகள் காசைக் கைப்பற்றி கிரீஸ் நாட்டிடம் ஒப்படைத்தார்கள். காசு நல்லதுதான். அது எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது மட்டும் திரும்பி வராது. புரூட்டஸின் படைவீரர்கள் முகாமிட்ட இடம் ஒன்று அதோடு சேர்ந்து தொலைந்திருக்கலாம்.

சேகரிப்பாளர்கள் பக்கத்து நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்போ யாரும் காசே சேர்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தொல்லியல் படித்த சிலர் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பாக்ட்ரியாவிலும் வடமேற்கு இந்தியாவிலும் ஆண்ட கிரேக்க அரசர்கள் முப்பது பேருக்கு மேல். பழைய நூல்களில் பேர் வருகிறவர்கள் மினாண்டர் உட்பட ஒரு சிலரே. மற்றவர்கள் இருந்தார்கள் என்பதே காசுகளால்தான் தெரியும். இந்தக் காசுகளை முதலில் திரட்டிய ஒருவர் சார்லஸ் மேசன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலிருந்து ஓடிப்போனவர். ஜேம்ஸ் லூயிஸ் என்ற தன் பேரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானில் சுற்றினார். 1833 முதல் சில வருஷங்கள், பெக்ராம் சமவெளியில் ஆடு மேய்ப்பவர்களும் ஊர்க்காரர்களும் பொறுக்கியெடுத்த செம்புக் காசுகளைப் பல்லாயிரக்கணக்கில் வாங்கினார். அவர் நல்ல காசை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவில்லை. தேய்ந்தது, உடைந்தது எல்லாவற்றையும் வாங்கி, எந்த வருஷம் எந்த ரகம் எத்தனை என்று எழுதி வைத்தார். அதனால்தான் இன்றைக்கும் அவர் திரட்டியதை ஆய்வாளர்கள் பயன்படுத்த முடிகிறது. அவர் பல்கலைக்கழகம் போனவர் இல்லை. எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

இந்த இருமொழிக் காசுகள் இன்னொரு பெரிய வேலையும் செய்தன. ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் படிக்கத் தெரியாத எழுத்து. பேர் ஒன்றேதான். கல்கத்தா நாணயசாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் இப்படிப்பட்ட காசுகளை வைத்துத்தான் கரோஷ்டியைப் பிடித்தார். அகதோக்ளிஸ் என்ற அரசனின் காசில் கிரேக்கமும் பிராமியும் இருந்தன. 1836ல் லாசன் அதிலிருந்து சில பிராமி எழுத்துகளை அடையாளம் கண்டார். அடுத்த வருஷமே பிரின்செப் பிராமியை முழுக்க வாசித்தார். அசோகன் கல்வெட்டும், அதைத் தொடர்ந்து நம் ஊர்க் குகைகளில் உள்ள தமிழ் பிராமியும் வாசிக்கப்பட்ட பாதையில் இப்படி ஒரு காசும் கிடக்கிறது.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 1980கள் வரை சங்க கால அரசர்கள் பேர் பொறித்துக் காசு அடித்தார்களா என்பதே கேள்வியாக இருந்தது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை வெளியிட்டார். அதற்குப் பின் கரூரிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை, கொல்இரும்பொறை என்ற பேர்களோடு சேரர் காசுகள் வெளிவந்தன. இவை அகழாய்வுக் குழியில் கிடைத்தவை அல்ல. ஆற்று மணலைச் சலித்தவர்களிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் வந்தவை. சேகரிக்கும் ஆசை ஒருவருக்கு இல்லாமல் போயிருந்தால் இவற்றில் பலவும் உருகிப்போயிருக்கும். இதை மறுக்கிறவர்கள் நியாயமாகப் பேசவில்லை.

ஆனால் அதே காசுகள்தான் என் குறையையும் காட்டுகின்றன. மாக்கோதை காசில் ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த மாதிரி ஒரு தலை. அது எந்தக் காலம்? ரோமானியக் காசின் சாயலை வைத்து ஒரு தேதி சொல்கிறோம். எழுத்தின் வடிவத்தை வைத்து ஒரு தேதி சொல்கிறோம். மண்ணடுக்கிலிருந்து வந்திருந்தால், அதே அடுக்கில் இருந்த கரியும் பானையோடும் மூன்றாவது சாட்சியாக நின்றிருக்கும். ஆறு அந்த சாட்சியைக் கொடுக்காது. ஆற்றில் எல்லாக் காலமும் ஒரே மணலில் கிடக்கிறது. சேரர் காலக் கணக்கில் ஐம்பது வருஷம் முன்பின் என்று இழுபறி நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

விலை ஏறினால் அச்சு தயாராகும்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சேகரிப்பு இருக்கும் இடத்தில் போலி இருக்கும். ஜெர்மனிக்காரர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) கிரேக்க, ரோமானிய, இடைக்காலக் காசுகளுக்கெல்லாம் கையாலேயே அச்சு வெட்டினார். நூற்றுக்கணக்கான அச்சுகள். தேய்ந்த உண்மையான பழங்காசை எடுத்து, அதன் மேலேயே அரிய காசின் அச்சை அடிப்பார். உலோகம் பழையது, எடை சரி, என்ன சொல்வீர்கள்? புதுசு என்ற பளபளப்பு போவதற்கு, இரும்புத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் போட்ட பெட்டியில் காசைப் போட்டு, குதிரை வண்டிக்கு அடியில் கட்டி ஊர் சுற்றி வருவாராம். ஐரோப்பாவின் பெரிய பெரிய சேகரிப்புகளில் அவருடைய காசுகள் நுழைந்தன.

மண்ணோடு தொடர்பு அறுந்த காசை உண்மையா போலியா என்று சொல்வதும் எவ்வளவு சிரமம் என்பதற்கு ஸ்பான்சியன் கதை போதும். 1713ல் டிரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட சில தங்கக் காசுகளில் 'ஸ்பான்சியன்' என்று ஒரு சக்கரவர்த்தியின் பேர். அப்படி ஒரு சக்கரவர்த்தி வேறு எதிலும் இல்லை. போலி என்று பல காலம் ஒதுக்கி வைத்தார்கள். 2022ல் கிளாஸ்கோ அருங்காட்சியகத்துக் காசை நுண்ணோக்கியில் பார்த்த ஒரு குழு, புழக்கத்தில் தேய்ந்த கீறலும், அதன் மேல் மண்ணில் புதைந்து ஒட்டிய படிவும் இருக்கிறது, ஆகவே இது உண்மைக் காசுதான், டேசியாவில் தனித்துவிடப்பட்ட ஒரு தளபதியாக இருக்கலாம் என்று எழுதியது. செய்தித்தாள்கள் "காணாமல் போன சக்கரவர்த்தி" என்று கொண்டாடின. காசியல் அறிஞர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ரோமானியக் காசு அச்சில் அடிப்பது, இது வார்த்தது. எழுத்து குழப்படியாக இருக்கிறது. கூடவே கிடைத்ததாகச் சொல்லும் காசுகள் காலத்தால் ஒட்டவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அவர்கள் வாதம்தான் வலுவாகப் படுகிறது. கீறலும் மண்ணும் பெக்கருக்கும் தெரிந்த வித்தைதானே. ஆனால் 1713ல் அந்தக் குழியை நேரில் பார்த்த ஒருவர் ஒழுங்காக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், முந்நூறு வருஷ வழக்கு தேவைப்பட்டிருக்காது.

சட்டம் என்ன செய்கிறது?

நம் நாட்டில் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பழைய சட்டத்தில் அரசு புதையலை எடுத்துக்கொண்டால் கொடுப்பது அதிலுள்ள உலோகத்தின் விலையும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும். செம்புக் காசு ஒரு பானை கண்டெடுத்த விவசாயிக்குச் செம்பு விலை! அதோடு தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று அலைச்சல். எடைக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். அப்படி எடைக்குப் போட்ட கடையில்தான் நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி செய்தார்கள். 1996ஆம் வருஷத்துச் சட்டப்படி புதையல் அருங்காட்சியகத்துக்குப் போனால் சந்தை விலையைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். புதையல் என்ற வரையறைக்குள் வராத தனிக் காசுகளையும் கண்டெடுத்தவர் தானாகவே வந்து பதிந்துகொள்ள 1997ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். காசு அவரிடமே இருக்கும். படம், எடை, கிடைத்த இடம் மட்டும் பதிவாகும். இப்படிப் பதிவானவை 10 லட்சத்துக்கும் மேல். இது கண்டபடி தோண்டுவதற்குத் தைரியம் கொடுக்கிறது என்று தொல்லியலாளர்கள் சிலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உலோகங்காட்டியோடு திரிகிறவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் அல்ல. நம் ஊரில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் ஏர் உழுகிறவர், வீட்டுக்குக் கடைகால் தோண்டுகிறவர், மணல் சலிக்கிறவர். அவருக்குப் பயமில்லாமல் வந்து சொல்ல ஓர் இடம் இருந்தால், பாண்டிய நாட்டில் எந்தக் காசு எங்கே என்ற கேள்விக்கு நம் காலத்திலேயே பதில் கிடைக்கலாம்.

நான் இப்போது செய்வது

சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. பிறருக்கு உபதேசம் செய்யவும் எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

காசு வாங்கும் முன் எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்தார் என்று கேட்கிறேன். "தெரியாது" என்று சொல்கிறவரை, உடனே "கரூர்" என்று சொல்கிறவரை விட அதிகம் நம்புகிறேன். சொன்னதை அப்படியே, 'வியாபாரி சொன்னது' என்று தலைப்புப் போட்டு எழுதுகிறேன். அதை உண்மை என்று எழுதுவதில்லை. ஒரே கும்பலில் வந்தவற்றைப் பிரிப்பதில்லை. முழுக்க வாங்க முடியாவிட்டால், கடையிலேயே எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறேன். நகைத் தராசில் எடை போடுகிறேன். காகித உறையில் வைக்கிறேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து மண்ணை மட்டும் நீக்குவது தவிர வேறு எதையும் தொடுவதில்லை. விலை அதிகமான எதையும், முழு வரலாறு கையில் இல்லாமல் வாங்குவதில்லை. இதனால் என் சேகரிப்பு ரொம்ப அழகாக இல்லை. நண்பர்கள் வந்தால் காட்டப் பெரிதாக ஒன்றும் கிடையாது. தேய்ந்த செம்பும் நிறைய காகிதமும்தான்.

போன மாதம் அந்த மதுரைக் கடைக்குத் திரும்பப் போனேன். இப்போது அவருடைய மகன் உட்கார்ந்திருக்கிறார். பழைய காசு வந்தால் எந்த ஊர்க்காரர் போட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க முடியுமா, எழுதி வைத்தால் காசுக்கு மேலே கொஞ்சம் கூடுதலாகத் தருகிறேன் என்றேன். "ஊர் பேருக்கெல்லாமா சார் காசு தருவீங்க?" என்று சிரித்தார். தருவேன் என்றேன். நோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எழுதுகிறாரா என்று அடுத்த மாதம் போய்ப் பார்க்க வேண்டும்.

புளி போட்ட காசும் இருக்கிறது. அதன் உறையில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "செம்பு. நிற்பவர், அமர்ந்தவர். வாங்கியது மதுரை, கிடைத்த ஊர் கேட்கவில்லை. எழுத்து இருந்தது. நான் அழித்தேன்."